மலைக்கு இப்பால் இருந்த மேசை

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் 'போபர்ஸ்' என்று ஒரு சொல்லைச் சொன்னால் போதும், 1987-ஆம் ஆண்டு கண்முன் வந்து நிற்கும். 1986 மார்ச்சில் சுவீடன் நிறுவனம் ஒன்றிடம் 155 மி.மீ. பீரங்கிகள் 410 வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டு ஏப்ரலில், அந்த ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியது என்று சுவீடன் வானொலி செய்தி சொன்னது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் டீக்கடைப் பெஞ்சிலும் ரயில் பெட்டியிலும் அதே பேச்சுதான். 1989 நாடாளுமன்றத் தேர்தலில் நம் மாநிலம் காங்கிரஸ் கூட்டணிக்கே வாக்களித்தது என்றாலும், தில்லியில் ஆட்சி மாறியது. பீரங்கி என்றாலே ஊழல் என்று நம் காதுகள் பழகிப்போயின. அந்தப் பீரங்கி எப்படிச் சுடும், யார் சுடுவார்கள் என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது 1999 கோடைக்காலம். கார்கில் மலைகளில் அதே பீரங்கி முழங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நான் முப்பத்தைந்து ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். திரையில் புகையும் நெருப்பும் தெரிந்தபோது எனக்குள் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இந்தக் குண்டு அந்த முகட்டின் மேல் சரியாகப் போய் விழுகிறதே, அந்தக் கணக்கை யார் போட்டார்? அன்றிலிருந்து அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இன்றைய பேச்சு அந்தப் படிப்பின் பலன்.

திராஸ் பகுதியில் பீரங்கித் தாக்குதல்களைத் திட்டமிட்டவர் பிரிகேடியர் லக்விந்தர் சிங். எட்டாவது மலைப் பீரங்கிப் பிரிகேடுக்குத் தளபதி. பின்னாளில் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார். போரில் அவர் ஆற்றிய பணிக்கு யுத்த சேவா பதக்கம் கிடைத்தது. 1980-இல் ஏற்படுத்தப்பட்ட பதக்கம் இது. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா என்று நாம் பள்ளியில் ஒப்பித்த வரிசை வேறு. அவை எதிரியின் முன் நின்று காட்டிய வீரத்துக்கானவை. யுத்த சேவா பதக்கமோ, போர்க்காலத்தில் தலைமை ஏற்றும் திட்டமிட்டும் ஆற்றிய உயர்ந்த சேவைக்கானது. முதல் வரிசையில் உள்ள பெயர்களில் நாலைந்தாவது நமக்குத் தெரியும். இரண்டாவது வகையில் ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றால் இந்த அவையில் எத்தனை கை உயரும்?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலை ஜோஜி லா கணவாயைத் தாண்டி திராஸில் இறங்குகிறது. திராஸே கடல்மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரம். சாலைக்கு வடக்கே சுவர்போல் மலைகள். 1999 மே மாதத் தொடக்கத்தில், அந்த மலைகளில் ஆள் நடமாட்டம் இருப்பதாக மேய்ப்பர்கள் வந்து சொன்னார்கள். குளிர்காலத்தில் இந்தியப் படை காலி செய்துவிட்டு வரும் முகடுகளில் பாகிஸ்தான் படையினர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கல்லை அடுக்கிப் பதுங்குகுழி கட்டி, இயந்திரத் துப்பாக்கி வைத்து, கீழே ஓடும் சாலையைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டு. லாரி ஒன்று சாலையில் வந்தால் மேலிருந்து தகவல் போகும். மலைக்கு அப்பால் இருக்கும் அவர்களுடைய பீரங்கி அந்த லாரியைக் குறிவைக்கும்.

சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போய் மடக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது, வானிலும் தாண்டக் கூடாது என்பது அரசின் முடிவு. அந்த முடிவு சரி என்பதே என் எண்ணம். உலகம் நம் பக்கம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் சிப்பாய்கள். மலையின் முன்பக்கமாக, எதிரி பார்த்துக்கொண்டிருக்கும் பக்கமாகத்தான் ஏற வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது. அந்த உயரத்தில் புல்லும் அரிது.

முதல் வாரங்களில் அப்படித்தான் ஏறினார்கள். மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே சரியாகத் தெரியாத நிலை. போதிய பீரங்கியும் வந்து சேரவில்லை. திராஸுக்கு நேர் மேலே இருக்கும் டோலோலிங் முகட்டில் 18 கிரெனேடியர்ஸ் பட்டாலியன் மே 22-ஆம் தேதி வாக்கில் ஏறத் தொடங்கியது. திரும்பத் திரும்ப முயன்றார்கள். பாறை இடுக்குகளில் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள். மேஜர் ராஜேஷ் அதிகாரி அந்த முகட்டில்தான் விழுந்தார். கிழக்கே பட்டாலிக் பகுதியில் மே 29 அன்று, முதலாவது பிகார் பட்டாலியனின் மேஜர் மாரியப்பன் சரவணன் எதிரியின் பதுங்குகுழி வரை போய் உயிர்நீத்தார். நம் திருச்சிக்காரர். அவருடைய உடலை மீட்டுக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதம் திருச்சியில் அவருடைய தாயார் எப்படி இருந்திருப்பார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மலையில் ஏறுகிற மனிதன் மேலே பார்த்துச் சுட வேண்டும். மூச்சு வாங்குகிறது. முதுகில் சுமை. மேலே இருப்பவன் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து நிதானமாகக் குறிபார்க்கிறான். இந்தக் கணக்கில் வீரத்தை எவ்வளவு கூட்டினாலும் விடை மாறாது. மேலே இருப்பவன் தலையைத் தூக்க முடியாதபடி செய்தால்தான் கீழே இருப்பவன் ஏற முடியும். அதைச் செய்ய வல்லது பீரங்கி ஒன்றுதான்.

இங்கே என் பாடத்துக்கு வருகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், கரும்பலகை கிடையாது.

பீரங்கிக்காரர்கள் வட்டத்தை 360 பாகையாகப் பிரிப்பதில்லை. 6,400 'மில்' ஆகப் பிரிக்கிறார்கள். காரணம் அழகானது. ஒரு மில் விலகினால் 1,000 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் விலகும். 15 கிலோமீட்டரில் 15 மீட்டர். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சமவெளியில் 15 மீட்டர் தள்ளி விழுந்தாலும் குண்டு தன் வேலையைச் செய்யும். டோலோலிங் போன்ற மலையில் முகட்டின் மேல்தளம் சில இடங்களில் நம் வீட்டு மொட்டைமாடி அகலம்கூட இருக்காது. குண்டு கொஞ்சம் கூடுதலாகப் போனால் முகட்டைத் தாண்டி அப்பால் இருக்கும் பள்ளத்தில் போய் விழும்; எதிரிக்கு ஒரு சேதமும் இல்லை. கொஞ்சம் குறைந்தால், ஏறிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் மேல் விழும்.

அடுத்தது காற்று. துப்பாக்கி, பீரங்கி எல்லாவற்றுக்கும் சுடும் அட்டவணை உண்டு. இத்தனை தூரத்துக்கு இத்தனை கோணம், இத்தனை மருந்து என்று. சமவெளிக்குப் போட்ட அட்டவணையை மலைக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்கு அளவுதான். தடுக்கும் காற்று குறைந்தால் குண்டு கூடுதல் தூரம் ஓடும். பகலில் வெயில், இரவில் உறைபனி. குளிர்ந்து கிடக்கும் வெடிமருந்து மெதுவாக எரியும். குண்டு தூரம் குறையும். பள்ளத்தாக்கில் ஒரு திசையில் அடிக்கும் காற்று, முகட்டின் மேல் வேறு திசையில் அடிக்கும். குழாய் தேய்ந்த பீரங்கி ஒரு மாதிரி சுடும், புதுக் குழாய் வேறு மாதிரி சுடும். இத்தனையையும் கூட்டிக் கழித்த பிறகுதான் 'சுடு' என்ற ஒரு சொல் பிறக்கிறது.

இந்தக் கணக்கு வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஒரு மனிதரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1917 ஏப்ரல் 9. பிரான்சின் வடக்கே விமி என்ற நீண்ட மேடு. ஜெர்மானியர் கையில் இருந்தது. 1915-இல் பிரெஞ்சுப் படை அதைப் பிடிக்க முயன்று பெரும் இழப்போடு நின்றுபோயிற்று. அதைக் கனடியப் படையிடம் ஒப்படைத்தார்கள். எதிரியின் பீரங்கிகளைத் தேடி அடக்கும் பொறுப்பு ஆண்ட்ரூ மெக்நாட்டன் என்ற முப்பது வயது அதிகாரிக்கு வந்தது. மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். அவர் இயற்பியல்காரர்களை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிரியின் பீரங்கி வெடிக்கும் ஒலி, வரிசையாக வைத்த ஒலிவாங்கிகளுக்கு எந்தெந்த நொடியில் வந்து சேர்கிறது என்று அளந்து, அந்த நேர வித்தியாசத்திலிருந்து பீரங்கி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அந்த முறையைப் பிரிட்டிஷ் படையில் வளர்த்தவர் லாரன்ஸ் பிராக். தந்தையோடு சேர்ந்து 1915-இல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 25. அதே ஆண்டு அவருடைய தம்பி கலிப்போலியில் இறந்துபோனார். மெக்நாட்டன் ஒவ்வொரு பீரங்கியின் குழாய்த் தேய்மானத்தையும் காற்றின் வேகத்தையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார். தாக்குதல் தொடங்கும் முன்பே எதிரியின் 212 பீரங்கிகளில் 176 இருந்த இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டுவிட்டது. விமி மேடு பிடிபட்டது. அப்படியும் 3,598 கனடியர் இறந்தார்கள். கணக்கு சரியாக இருந்தும் இத்தனை பேர் என்றால், கணக்கே இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெற்றிக்கு விலையைக் குண்டாகச் செலுத்த வேண்டும், உயிராகச் செலுத்தக் கூடாது என்ற எண்ணம் அந்தப் படையில் வேரூன்றியது.

எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, திராஸில் பிரிகேடியர் லக்விந்தர் சிங் முன்னால் இருந்த மேசையில் விரிந்து கிடந்ததும் அதே கேள்விதான்.

ஜூன் தொடக்கத்தில், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்த எட்டாவது மலைப்படை டிவிஷன், மேஜர் ஜெனரல் மொகிந்தர் பூரியின் தலைமையில் திராஸ் பகுதியின் பொறுப்பை ஏற்றது. அதோடு பீரங்கிப் பிரிகேடும் வந்தது. மலைப் போரில் ஒரு தாக்குதலுக்கு ஒன்றிரண்டு ரெஜிமென்ட் பீரங்கி என்பது பழைய பழக்கம். இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை ஒரே முகட்டின் மேல் திருப்புவது என்று திட்டமானது. எங்கெங்கோ இருந்த பிரிவுகள் ஜோஜி லா வழியாக வந்து சேர்ந்தன. 105 மி.மீ. இந்தியக் களப் பீரங்கி, 155 மி.மீ. போபர்ஸ், 120 மி.மீ. மோர்ட்டார், 122 மி.மீ. கிராட் ராக்கெட் என்று எல்லாம்.

நிறுத்த இடம்? அங்கே சமதளம் என்பது சாலையும் சாலையோரமும்தான். மேலே உட்கார்ந்திருக்கும் எதிரிக்கு அது கண்ணாடித் தட்டில் வைத்ததுபோலத் தெரியும். பீரங்கியை மறைக்க முடியாத இடத்தில், மறைக்காமலே நின்று சுடுவது என்று முடிவெடுத்தார்கள்.

பீரங்கி என்றால் மலைக்குப் பின்னால் நின்று, கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி வளைவாகச் சுடுவதுதான் வழக்கம். கார்கிலில் போபர்ஸை நேரடியாகவே குறிபார்த்துச் சுட வைத்தார்கள். பதுங்குகுழி பீரங்கிக்காரன் கண்ணுக்குத் தெரியும்; குழாயை நேராக அதை நோக்கித் திருப்பு, அடி. ஏறக்குறைய 43 கிலோ எடையுள்ள குண்டு. பதின்மூன்று பதினான்கு நொடியில் மூன்று குண்டுகளை அடுத்தடுத்து அனுப்ப வல்ல பீரங்கி. கல்லை அடுக்கிக் கட்டிய பதுங்குகுழி அதன்முன் என்ன செய்யும்? கிராட் ராக்கெட்டுகளையும், சிறிய களப் பீரங்கிகளையும்கூட அவ்வாறு பயன்படுத்தினார்கள். இலக்கை நாம் பார்க்க முடிந்தால், இலக்கும் நம்மைப் பார்க்கும். பீரங்கிக் குழுவினர் அதைத் தெரிந்தே அங்கு நின்றார்கள். எதிரியின் குண்டு பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கும்போதே அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார்கள். திட்டம் போட்ட மேசைக்கும் இந்த ஆபத்து தெரியும். தெரிந்து எழுதப்பட்ட திட்டம் அது.

திட்டம் என்று நான் சொல்வது என்ன? மலையில் எங்கெங்கே பதுங்குகுழி இருக்கிறதோ அவ்வளவுக்கும் எண் கொடுக்க வேண்டும். எந்த பேட்டரி, அதாவது எந்தப் பீரங்கித் தொகுதி, எந்த எண்ணை, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, நிமிடத்துக்கு எத்தனை குண்டு என்று அட்டவணை போட வேண்டும். அந்த அட்டவணையை ஏறுகிறவர்களின் கால்களோடு பொருத்த வேண்டும். அந்த உயரத்தில் முழுச் சுமையோடு ஏறும் மனிதன் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவான். பீரங்கி முன்கூட்டியே நின்றுவிட்டால் எதிரி எழுந்துவிடுவான். தாமதமாக நின்றால் நம் குண்டு நம்மவர் மேலேயே விழும். ரயில்வே கால அட்டவணை போடுகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பிழை என்றால் வண்டி தாமதம். இங்கே அப்படியில்லை.

ஜூன் 12 இரவு. டோலோலிங்கின் மேல் பீரங்கிகள் ஒருசேரப் பொழிந்தன. அந்தப் பொழிவின் மறைவில் இரண்டாவது ராஜ்புதானா ரைபிள்ஸ் ஏறியது. 13-ஆம் தேதி முகடு நம் கைக்கு வந்தது. மூன்று வாரங்களாக நகராத இடம். அன்றும் மேஜர் விவேக் குப்தா உள்ளிட்டவர்களை இழந்தோம். கடைசி முப்பது நாற்பது மீட்டரைப் பீரங்கி கடந்து தராது, மனிதன்தான் கடக்க வேண்டும். ஆனாலும் போரின் போக்கு அன்று திரும்பியது என்பதில் படித்தவர்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு வாரத்தில், ஜூன் 20 அன்று, அடுத்திருந்த 5140 என்ற சிகரத்தைக் கேப்டன் விக்ரம் பத்ராவும் 13 ஜம்மு காஷ்மீர் ரைபிள்ஸ் படையினரும் பிடித்தார்கள்.

மேசையில் போட்ட கணக்கை மலையில் சரிபார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். காலாட்படையோடு சேர்ந்து அவரும் ஏறுவார். பீரங்கிப் படையின் அதிகாரி. கையில் வயர்லெஸ், தொலைநோக்கி, வரைபடம். குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, 'இடது 50, 100 குறை' என்று திருத்தம் சொல்வார். கணக்குக்கும் களத்துக்கும் இடையில் இருக்கும் ஒரே நூல் அவர். அந்த நூலை அறுக்க எதிரி முதலில் அவரைத்தான் தேடுவான். கேப்டன் ஜெர்ரி பிரேம்ராஜ், 158-வது மீடியம் ரெஜிமென்ட். நம் எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரத்துக்காரர். அப்போதுதான் மணமானவர்; விடுப்பில் இருந்தவர் திரும்பிப் போனார். 4875 என்ற முகட்டின் தாக்குதலில் இரண்டாவது நாகா பட்டாலியனோடு ஏறினார். குண்டடி பட்ட பிறகும் வயர்லெஸ்ஸைக் கீழே வைக்கவில்லை. பீரங்கிக்குத் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜூலை 7 அன்று உயிர் பிரிந்தது. வயது 27. மறைவுக்குப் பின் வீர் சக்ரா அளிக்கப்பட்டது. பீரங்கிப் படையின் கணக்கைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிள்ளையைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பேச்சு பொய்யாகிவிடும்.

இனி எண்களைப் பாருங்கள். கார்கில் போரில் சுமார் 300 பீரங்கிகள், மோர்ட்டார்கள், ராக்கெட் ஏவிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளையும் ராக்கெட்டுகளையும் சுட்டன. நாளொன்றுக்குச் சுமார் 5,000. குண்டின் சராசரி எடையை 20 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் தினம் 100 டன். அத்தனையும் ஜோஜி லா கணவாயின் ஒற்றைச் சாலையில் லாரியில் வர வேண்டும். எதிரி பார்க்கும் சாலை. இரவில், முகப்பு விளக்கை அணைத்துக்கொண்டு, ஒரு பக்கம் பள்ளம் இன்னொரு பக்கம் பாறை என்று ஓட்டினார்கள் அந்த டிரைவர்கள். அவர்களுக்கு எந்தப் பதக்கமும் போதாது என்பது என் துணிபு.

டைகர் ஹில் மீட்கப்பட்ட நாளில் மட்டும் 9,000 குண்டுகள். 5,062 மீட்டர் உயரமுள்ள சிகரம் அது. ஜூலை 3 இரவு 18 கிரெனேடியர்ஸ் பட்டாலியனும் 8 சீக்கியப் பட்டாலியனும் ஏறத் தொடங்க, மறுநாள் காலை உச்சி நம் வசம். டோலோலிங்கில் அடிபட்ட அதே கிரெனேடியர்ஸ். யோகேந்திர சிங் யாதவ் என்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை உடம்பெல்லாம் குண்டடி பட்டும் பிழைத்து வந்து பரம் வீர் சக்ரா பெற்றது அங்கேதான். அந்தக் கதையைப் பாடநூலில் வைத்திருக்கிறோம், நல்லது. அந்த இரவில் அவர் ஏறிய மலைக்குக் கீழே எத்தனை பேட்டரிகள், எந்த நிமிடக் கணக்கில், யார் போட்ட அட்டவணைப்படி சுட்டன என்ற ஒரு பத்தியும் அதே பாடத்தில் இருந்திருந்தால், கணக்குப் பாடத்தைக் கசப்பாக நினைக்கும் எத்தனை பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்!

குறைகளையும் சொல்ல வேண்டும். எதிரியின் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் ரேடார் அப்போது நம் படையிடம் இல்லை. 1917-இல் மெக்நாட்டன் ஒலியைக் கொண்டு கண்டுபிடித்ததை 1999-இல் நாம் கருவி இல்லாமல் தடவிக்கொண்டிருந்தோம். சாலையோரத்தில் நின்ற நம் பீரங்கிக்காரர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். பிறகு அமெரிக்காவிடம் வாங்கினோம். பெங்களூரில் 'ஸ்வாதி' என்ற ரேடாரை நாமே உருவாக்கினோம். கார்கில் ஏன் நடந்தது என்று ஆராய அந்த ஜூலையிலேயே அமைத்த குழுவுக்குத் தலைவர் கே. சுப்ரமணியம், திருச்சியில் பிறந்தவர். உளவுத் தகவலில் இருந்த ஓட்டைகளை அந்தக் குழு பூசி மெழுகாமல் எழுதியது. ஊழல் பயத்தில் போபர்ஸுக்குப் பிறகு நெடுங்காலம் புதிய பெரிய பீரங்கியே வாங்காமல் இருந்ததையும் நாம் பேச வேண்டும். லஞ்சம் வாங்கியவன் மேல் வந்த கோபத்தில் சிப்பாயின் கையை வெறுமையாக விட்டது என்ன நியாயம்?

பீரங்கியைப் புகழ நான் இங்கே வரவில்லை. மேலே செத்தவர்களும் மனிதர்கள். பாகிஸ்தானின் வடக்கு லைட் இன்பான்ட்ரியைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் கில்கிட், பால்டிஸ்தான் மலைக்கிராமத்து ஏழைப் பிள்ளைகள். அவர்கள் தன் படையினரே இல்லை என்று அவர்களை அனுப்பிய நாடு முதலில் மறுத்தது. பல உடல்களை இந்தியப் படையினரே அந்தப் பனியில் ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். டைகர் ஹில்லில் கடைசிவரை எதிர்த்து நின்று இறந்த கேப்டன் கர்னல் ஷேர் கானின் உடலைத் திருப்பி அனுப்பும்போது, நம் பக்கத்து பிரிகேடியர் எம்.பி.எஸ். பாஜ்வா அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதி வைத்தார், இவர் தீரமாகப் போரிட்டார் என்று. ஷேர் கானுக்குப் பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-இ-ஹைதர் கிடைத்தது. போர்க்காலப் பாராட்டுகளில் நான் படித்தவற்றுள் மிகப் பெரியது அந்தச் சீட்டுதான்.

ஜூலை 26 அன்று போர் முடிந்தது. இந்தியத் தரப்பில் 527 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அந்த எண் எவ்வளவு பெரியதாக ஆகாமல் நின்றது என்பதை யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஏறிப்போய் உயிரோடு இறங்கி வந்த ஒவ்வொருவரும் அந்த எண்ணில் சேராதவர். டோலோலிங்கின் முதல் மூன்று வாரத்தையும் அடுத்த மூன்று வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் வந்து சேர்ந்தது கணக்கும் குண்டும்தான். லக்விந்தர் சிங்குக்குக் கொடுத்த பதக்கத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்: இறக்காமல் போனவர்களுக்காகக் கொடுத்த பதக்கம். வீட்டுக்குத் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, இன்று நம் வங்கி வாசலில் காவலுக்கு நிற்கும் முன்னாள் சிப்பாய்களில் சிலர் அந்த அட்டவணைக்குக் கடன்பட்டவர்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சொல்வார்கள்.

உட்கார இடமில்லாமல் பின்வாசலருகே நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் கணிதமும் இயற்பியலும் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். தேர்வுக்காக எறிபொருளின் பாதையை வரைந்து, 'காற்றுத் தடையைப் புறக்கணிக்க' என்று ஒரு வரி எழுதி, மதிப்பெண் வாங்கிவிட்டுப் போகிறீர்கள். நானே அப்படித்தான் நடத்தினேன். அந்த ஒரு வரியைப் புறக்கணிக்க முடியாத இடத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகள் நின்றார்கள் என்பதை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி அந்தப் பாடத்தைக் காற்றோடு சேர்த்துப் போட்டுப் பாருங்கள். நூலகத்தில் அதற்கான புத்தகங்கள் இருக்கின்றன.

2022 ஜூலை 30 அன்று, நான் முன்பு சொன்ன 5140 சிகரத்துக்குப் பீரங்கிப் படையினரின் நினைவாக 'கன் ஹில்' என்று பெயர் சூட்டினார்கள். போர் முடிந்து 23 ஆண்டுகள் கழித்து. இப்போது கோடை விடுமுறையில் நம்மவர்கள் நிறையப் பேர் லடாக் போகிறார்கள். திராஸ் நினைவிடத்தில் வண்டியை நிறுத்தி, டைகர் ஹில் எது, டோலோலிங் எது என்று காவலுக்கு நிற்கும் ஜவானிடம் கேட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை போகிறவர்கள், கன் ஹில் எது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.